துளி எங்கே போய்ப் படிகிறது?

(அலோர் காஜாவில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டால் ஏதோ ஆய்வுக்கூடத்துச் சங்கதி போலத் தோன்றும். மின்சாரத்தைக் கடத்தாத திரவங்களை, எண்ணெய் வகைகளை, மின்னேற்றித் தெளிப்பது எப்படி என்பதே பொருள். ஆனால் இதை இந்த ஊரில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ரெம்பியா, தெபோங், காடேக், பூலாவ் செபாங் என்று இந்த மாவட்டத்தில் எந்தத் தோட்டத்துக் குடும்பத்தைக் கேட்டாலும், அம்மாவோ பாட்டியோ சின்னம்மாவோ, யாராவது ஒருவர் வெளிக்காட்டு வேலையில் மருந்தடித்தவராக இருப்பார். பால்மரம் வெட்டியவர்களின் கதையை எழுதியிருக்கிறோம், பாடியிருக்கிறோம். முதுகில் பம்பை மாட்டிக்கொண்டு நிரைநிரையாக நடந்த பெண்களின் வேலையைப் பற்றி, அந்த வேலையின் அறிவியலைப் பற்றி, நாம் போதிய அளவு பேசியதில்லை.

அந்தப் பம்பை நினைத்துப் பாருங்கள். நிரப்பினால் பதினாறு, பதினெட்டு லிட்டர். ஒரு கை பிடியை அடித்துக்கொண்டே இருக்க, மறு கை குழலை வீச, காலுக்குக் கீழே லாலாங் புல், சரிவு, சேறு. குழலின் நுனியிலிருந்து வருகிற துளிகள் எல்லாம் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரியது அரை மில்லிமீட்டருக்கு நெருங்கி இருக்கும். சிறியது அதில் பத்தில் ஒரு பங்கு. பெரிய துளி இலையில் பட்டுத் தெறித்தோ வழிந்தோ மண்ணுக்குப் போய்விடும். சிறிய துளி விழவே நேரம் எடுக்கும். 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு, குறுக்களவுள்ள துளி, அரை மீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வர ஆறேழு விநாடி ஆகும். காற்று விநாடிக்கு ஒரு மீட்டர் என்ற மெல்லிய வேகத்தில் வீசினால்கூட அந்தத் துளி ஆறேழு மீட்டர் தள்ளிப் போய்விடும். போகிற வழியில் இருப்பது பெரும்பாலும் அடிக்கிறவரின் உடம்பும் பக்கத்து நிரையில் நடக்கிறவரின் முகமும்தான்.

இங்கே ஒரு கணக்கு உண்டு. 400 மைக்ரான் துளி ஒன்றில் இருக்கும் மருந்தைக் கொண்டு 50 மைக்ரான் துளிகள் 512 செய்யலாம். சிறு துளிகளாக்கினால் மிகக் குறைந்த மருந்தில் மிகப் பெரிய பரப்பை மூடலாம். ஆனால் சிறு துளி காற்றோடு போகும். பெரிய துளி மண்ணோடு போகும். பயிர்ப் பாதுகாப்புப் பொறியாளர்கள் பல தலைமுறையாக மாட்டிக்கொண்டிருந்த இக்கட்டு இது. இதற்கு ஒரு வழி, சிறு துளியைச் செய்து, அது காற்றின் சொல்லைக் கேட்காமல் இலையை நோக்கிப் போகும்படி அதன்மேல் மின்னேற்றத்தை ஏற்றிவிடுவது.

இந்த வேலை நமக்கு மிகப் பக்கத்தில் நடந்து கொண்டிருக்கிற வேலைதான். பெகோவில் 2003 முதல் ஹோண்டா கார்த் தொழிற்சாலை இயங்குகிறது. தோட்டங்களை விட்டு வெளியே வந்த பிள்ளைகள் பலருக்கு அந்த வட்டாரத் தொழிற்சாலைகள்தாம் சோறு போட்டன. கார் உடலுக்குச் சாயம் பூசும் தொழிலில் உலகெங்கும் மின்னேற்றத் தெளிப்பு வழக்கமாகிவிட்டது. 1940களில் அமெரிக்காவில் ஹெரால்ட் ரான்ஸ்பர்க் என்பவர் இதைத் தொழில்முறையாக்கினார். சாயத் துளிக்கு மின்னேற்றம், கார் உடலைத் தரையோடு இணைத்துவிடுவது, அவ்வளவுதான் அடிப்படை. வெறும் காற்றழுத்தத்தில் அடிக்கும்போது பாதிச் சாயத்துக்குமேல் வீணாகும். மின்னேற்றினால் பெரும்பகுதி உலோகத்தில் போய் ஒட்டும். தெளிப்பானைப் பார்க்காத பின்பக்கத்துக்கும் துளி வளைந்து போய்ச் சேரும். சாயத்துக்கு விலை உண்டு, ஆகவே அது வீணாகாமல் இருக்க இத்தனை ஏற்பாடு. சாயத்துக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு, மருந்தடித்த பெண்ணின் தோலுக்கும் நுரையீரலுக்கும் ஏன் கிடைக்கவில்லை? இன்றைய பேச்சு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியதுதான். இதற்கான பதிலில் ஒரு பகுதி மனிதர்களின் அக்கறையின்மை. இன்னொரு பகுதி இயற்பியல். இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

முதலில் இயற்பியல். மின்னேற்றம் பெற்ற துளிகள் மேகம்போல இலைக்கு அருகே வரும்போது, உயிருள்ள செடி ஈரமானது, வேர் வழியாகத் தரையோடு தொடர்புடையது என்பதால், எதிர் மின்னேற்றம் மண்ணிலிருந்து இலைக்கு ஏறி வந்து நிற்கும். துளிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொள்ளும், இலை அவற்றை இழுக்கும். இலையின் அடிப்பக்கத்திலும் போய்ப் படிவதற்கு இதுவே காரணம். துளியின்மேல் எவ்வளவு மின்னேற்றம் ஏற்றலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பரப்பு இழுவிசை துளியை ஒன்றாகப் பிடித்து வைக்கிறது, மின்னேற்றம் அதைப் பிளக்கப் பார்க்கிறது. இரண்டும் சமமாகும் எல்லையை 1882இல் இயற்பியலாளர் ராலே பிரபு கணக்கிட்டுச் சொன்னார். அந்த எல்லையைத் தாண்டினால் துளி உடையும். இதையே பயன்படுத்தி, காற்றழுத்தமும் பம்பும் இல்லாமல், மின்புலத்தை மட்டுமே கொண்டு திரவத்தைத் துளிகளாக உடைக்கவும் செய்யலாம். அப்போது உடைவதும் மின்னேறுவதும் ஒரே செயலாக நடந்துவிடுகின்றன.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். தம்பி தங்கைகள் சற்றுக் கவனமாகக் கேட்க வேண்டும். எல்லாத் திரவமும் இதற்கு ஒத்துவராது. ஒரு திரவத்துக்குள் மின்னேற்றம் நகர்ந்து பரப்புக்கு வந்து நிலைகொள்ள ஒரு நேரம் தேவைப்படுகிறது. அந்த நேரம் திரவத்தின் மின்தடையைப் பொறுத்தது. குழாய்த் தண்ணீரில், ஒரு விநாடியைக் கோடிக் கூறாக்கினால் அதில் ஒரு கூறுக்கும் குறைவு. மிகத் தூய்மையான மின்மாற்றி எண்ணெயில் அதே காரியத்துக்குப் பல விநாடிகள் ஆகும். தண்ணீர் மின்சாரத்தை உடனே வாங்கி உடனே பரப்பிவிடும். அதனால் தெளிப்பான் நுனியில் கொடுத்த உயர் வோல்ட் பின்னால் திரும்பித் தொட்டி முழுவதையும், அதைச் சுமக்கிறவரையும் மின்னேற்றிவிடும். தண்ணீரின் பரப்பு இழுவிசை எண்ணெயைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதை உடைக்க வேண்டிய அளவு மின்புலத்தைக் கொடுத்தால், தண்ணீர் உடைவதற்கு முன்பே சுற்றியுள்ள காற்று மின்கசிவுக்கு ஆளாகிவிடும். தூய எண்ணெயிலோ நேர்மாறான சிக்கல். அது தெளிப்பான் வழியாக ஓடி வெளியேறும் கண நேரத்துக்குள் மின்னேற்றம் உள்ளே நுழையவே முடியாது. ஆகவே நடுவிலே ஒரு பட்டை இருக்கிறது. அரைகுறையாகக் கடத்தும் எண்ணெய், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடியையொட்டி மின்னேற்றம் வந்து நிற்கும் எண்ணெய், இந்த வேலைக்கு அழகாகப் பொருந்தும்.

இந்தப் பட்டையைப் பிடித்து ஒரு கருவி செய்தார்கள். இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் ரான் காஃபி என்பவர் உருவாக்கிய எலெக்ட்ரோடின் தெளிப்பான் 1979இல் அறிவியலாளர்கள் முன் வைக்கப்பட்டது. ஒரு கைத்தடி. அதற்குள் டார்ச் லைட்டுக்குப் போடும் பாட்டரிகளும், அவற்றின் மின்சாரத்தை 25,000 வோல்ட் வரை உயர்த்தும் சிறிய பெட்டியும். முனையில், மருந்து நிரப்பிய புட்டியும் தெளிப்பு முனையும் சேர்ந்த ஒரே உறுப்பு. பம்பு கிடையாது, சுழலும் பாகம் கிடையாது, தண்ணீர் கலக்கும் வேலை கிடையாது. எண்ணெய் தன் எடையாலேயே இறங்கி, முனையின் விளிம்பில் வரிசையாக மெல்லிய இழைகளாக நீண்டு, ஒரே அளவான துளிகளாக உடையும். மின்னோட்டம் மிக மிகக் குறைவு என்பதால் பாட்டரி நெடுநாள் வரும். ஹெக்டருக்கு 200 லிட்டரும் அதற்கு மேலும் தண்ணீர் சுமந்த இடத்தில் அரை லிட்டர், ஒரு லிட்டர் எண்ணெய் போதுமானதாயிற்று. ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் பருத்தி விளைவித்த சிறு விவசாயிகளை மனத்தில் வைத்து இதைச் செய்தார்கள். தண்ணீருக்காக மைல் கணக்கில் நடந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைப் பம்பு சுமந்தவர்கள்தான் உணர முடியும்.

இதே ஐசிஐ நிறுவனம்தான் 1962இல் பாராகுவாட் என்ற களைக்கொல்லியைக் கிராமக்சோன் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் அதன் முதல் பெரிய களங்களில் ஒன்று. வெட்டுக்கத்தியும் மண்வெட்டியும் கொண்டு புல் எடுத்த கூட்டம் குறைந்து, பம்பு தூக்கிய கூட்டம் வந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும் அந்தப் பம்பு போகவில்லை. மரத்தடி வட்டத்தைப் புல் இல்லாமல் வைத்திருந்தால்தானே உதிர்ந்த பழத்தைப் பொறுக்க முடியும்?

ஆக ஒரே நிறுவனம் நம் பெண்கள் அடித்த நஞ்சையும் செய்தது, அடிக்கிறவரின் சுமையை இறக்கும் கருவியையும் செய்தது. அந்தக் கருவி இந்தப் பெண்களின் கைக்கு வரவில்லை. ஏன்? பாராகுவாட் ஓர் உப்பு. தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. கரைந்த உப்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லியும் அப்படியே, தண்ணீரில் கரைக்கும் உப்பாகவே தோட்டத்துக்கு வந்தது. எலெக்ட்ரோடின் கேட்டதோ அரைகுறையாகக் கடத்தும் எண்ணெய். பருத்திப் பூச்சியைக் கொல்லும் மருந்துகள் எண்ணெயில் கரைந்தன, ஆகவே பருத்திக்காட்டுக்குக் கருவி போயிற்று. புல்லைக் கொன்ற மருந்து தண்ணீரில் இருந்தது, ஆகவே செம்பனைத் தோட்டத்தில் பம்பு நிலைத்தது. மருந்தின் மின்தடை ஒன்றே, பருத்திக்காட்டு விவசாயிகளையும் நம் தோட்டத் தொழிலாளர்களையும் வேறு வேறு வழியில் அனுப்பிவிட்டது என்று எண்ணும்போது எனக்கு மனம் கனக்கிறது.

இயற்பியல் காரணம் அதோடு முடிகிறது. மற்றது மனிதர்கள் செய்தது. பாராகுவாட் நஞ்சுக்கு முறிமருந்து கிடையாது. உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். கீறல் பட்ட தோல் வழியாகவும் உள்ளே போகும். மூக்கிலே இரத்தம் வடிந்ததையும், நகம் நிறம் மாறிக் கழன்றதையும், கண் எரிச்சலையும் பெண்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதைக் கேட்டு எழுத ஆள் வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனகனித்தா அமைப்பு, 2002இல் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றிய ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதே ஆண்டில் மலேசிய அரசு பாராகுவாட்டைத் தடைசெய்வதாக அறிவித்தது. 2006இல் அந்தத் தடை விலக்கப்பட்டது. 2020 ஜனவரி 1ஆம் நாள்தான் முழுத்தடை வந்தது. ஐரின் 2014இலேயே மறைந்துவிட்டார். 2002க்கும் 2020க்கும் இடையே எத்தனை பம்புகள் நிரம்பிக் காலியாகியிருக்கும்! அந்த ஆண்டுகளை யாரும் அந்தப் பெண்களுக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

மின்னேற்றத் தெளிப்பு ஒரு மந்திரக்கோல் என்று சொல்ல நான் வரவில்லை. அதன் குறைகளையும் நீங்கள் அறிய வேண்டும். மின்னேற்றத் துளி, தரையோடு இணைந்த மிக அருகிலுள்ள பொருளைத் தேடிப் போகும். அடர்ந்த செடியில் வெளிப்புற இலைகளே அதை வாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் இலைக்குப் போய்ச் சேராது. எலெக்ட்ரோடின் எதிர்பார்த்த அளவு பரவாமல் போனதற்கு இது ஒரு காரணம். மருந்தும் முனையும் ஒரே புட்டியாக நிறுவனத்திடமிருந்தே வர வேண்டியிருந்தது இன்னொரு காரணம். விவசாயி சந்தையில் கிடைக்கும் வேறு மருந்தை அதில் ஊற்றிப் பயன்படுத்த முடியாது. இதைவிடக் கவலை தருவது மூன்றாவது. துளி போகப்போக, அதற்கு ஈடான எதிர் மின்னேற்றம் கருவியில் சேரும். அது தரைக்கு இறங்க வழி வேண்டும். ரப்பர் பூட்ஸ் போட்டு, காய்ந்த மண்ணில் நிற்கிறவரிடம் அந்த வழி அடைபட்டால், அவர் உடம்பே எதிர் மின்னேற்றம் பெற்றுத் தன் துளிகளைத் தானே இழுக்கும். அதிலும் இந்த எண்ணெய் மருந்து தண்ணீர் சேர்த்து நீர்க்கவைத்தது அன்று. செறிவு மிகுந்தது, தோலுக்குள் எளிதில் ஊறுவது. ஆகவே தரையிணைப்பை மறந்த ஒரு மின்னேற்றத் தெளிப்பான், பழைய பம்பைவிடக் கேடு செய்யக்கூடும்.

தண்ணீர் மருந்துக்கு வேறு வழி இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் லா 1970களில் அதைக் காட்டினார். தண்ணீரை நேரடியாக மின்சாரத்தோடு தொடவிடாமல், துளி உருவாகும் இடத்தைச் சுற்றி ஒரு மின்முனை வளையத்தை வைத்து, மின்தூண்டல் முறையில் மின்னேற்றினார். ஏறத்தாழ ஆயிரம் வோல்ட் போதும். ஆனால் துளியை உடைக்கவும் தள்ளவும் அழுத்தக் காற்று வேண்டும். அதற்குக் காற்றழுத்தியும் இயந்திரமும் வேண்டும். இந்தியாவில் சண்டிகரில் உள்ள மத்திய அறிவியல் கருவிகள் நிறுவனமும் இத்துறையில் உழைத்தது. 2020இல் கோவிட் பரவியபோது, கிருமிநாசினி தெளிக்க அங்கே உருவான மின்னேற்றத் தெளிப்பான் பயன்பாட்டுக்கு வந்தது.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது எண்ணெய்ப் பாதைதான். தூய எண்ணெய்க்குள் மின்னேற்றம் நுழையாது என்றேன் அல்லவா? அதற்கும் ஒரு வழி கண்டார்கள். எக்சான் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்னால்ட் கெல்லி, 1980களின் தொடக்கத்தில், எண்ணெய் ஓடும் குழலுக்குள்ளேயே கூரான ஊசி ஒன்றை வைத்து, அதன் நுனியிலிருந்து எண்ணெய்க்குள் மின்னேற்றத்தைச் செலுத்திக் காட்டினார். மின்னேற்றம் ஊசியிலிருந்து எதிர்முனைக்குக் கடந்து போய்ச் சேர்வதற்குள், ஓடும் எண்ணெய் அதை இழுத்துக்கொண்டு துளை வழியே வெளியேறிவிடும். மின்கடத்தாமை என்ற குறையே இங்கே பலமாகிவிடுகிறது, ஏனென்றால் எண்ணெய் பெற்றுக்கொண்ட மின்னேற்றத்தை எளிதில் விடாது. எரிபொருளை நன்றாக எரியவைக்கும் நோக்கத்தில் தொடங்கிய இந்த ஆய்வில் நம் நாட்டுப் பங்கும் உண்டு. சரவாக் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ ராகாய் ஹென்றி ரிகிட், ஜான் ஷ்ரிம்ப்டன் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, இப்படிப்பட்ட தெளிப்பான்களின் மின்செயல்பாடு பற்றி 2006இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்.

இப்போது நம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். மின்கடத்தாத் திரவத்துக்கு நாம் எங்கே போக வேண்டும்? செம்பனை எண்ணெய் இருக்கிறது. அதன் வழிப்பொருள்களை மின்மாற்றிகளில் மின்காப்புத் திரவமாகப் பயன்படுத்தும் அளவுக்கு ஆய்வுகள் முன்னேறியிருக்கின்றன. வேப்பெண்ணெய் இருக்கிறது. அது தானே பூச்சியை விரட்டும் மருந்தும்கூட. தண்ணீரில் வேப்பெண்ணெய் கலக்காது, சவர்க்காரம் போட்டுக் கலக்க வேண்டும் என்று வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் பெண்களுக்குத் தெரியும். மின்னேற்றத் தெளிப்புக்கு அந்தத் தொல்லையே வேண்டாம், எண்ணெயாகவே போகலாம். ஒரு எச்சரிக்கை மட்டும். ஆலையிலிருந்து வரும் கச்சா எண்ணெயில் கொழுப்பமிலமும் ஈரமும் இருக்கும், அவை கடத்துதிறனைக் கூட்டும். வெயில் ஏறினாலும் கூடும். காலையில் ஒழுங்காகத் துளி போட்ட எண்ணெய் நண்பகலில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஆகவே ஒவ்வொரு எண்ணெயையும், ஒவ்வொரு வெப்பநிலையிலும் அளந்து பார்த்தே முனையை வடிவமைக்க வேண்டும்.

இதை யார் செய்வது? துரியான் துங்காலில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த மாவட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் அங்கே போய் மின்பொறியியல் படிக்கலாம். இறுதியாண்டுத் திட்டத்துக்கு எதை எடுப்பது என்று தேடுகிற மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். உயர் வோல்ட் உண்டு, திரவ இயக்கவியல் உண்டு, வேளாண்மை உண்டு, உடல்நலமும் உண்டு. ஆனால் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து மட்டும் செய்யாதீர்கள். முதல் மாதிரி கையில் வந்தவுடன், மருந்தடித்துப் பழகிய இரண்டு அம்மாக்களைக் கூப்பிட்டு அவர்கள் கையில் கொடுங்கள். பிடி எந்த உயரத்தில் இருக்க வேண்டும், சரிவில் நடக்கும்போது முனை எப்படிச் சாயும், மழைக்கால ஈரத்தில் என்ன ஆகும் என்பதை அவர்கள் ஒரு நாளில் சொல்லிவிடுவார்கள். அதற்குக் கூலியும் கொடுங்கள்.

அந்தச் சோதனையில் நஞ்சு எதுவும் வேண்டாம். வெறும் எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்தால் போதும். தெளிக்கிறவருக்கு வெள்ளைப் பருத்தி மேலாடை, தலைத்துணி, கையுறை. ஒரு வேலைநேரம் முழுவதும் அடிக்கட்டும். பிறகு மேலாடையை மார்பு, தோள், முழங்கால் எனத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் படிந்த சாயத்தைக் கழுவி எடுத்து அளவிடுங்கள். அதே நிலத்தில், அதே நேரத்தில், தண்ணீரில் கரையும் சாயம் நிரப்பிய பழைய பம்பால் ஒருவர் அடித்த மேலாடையையும் அப்படியே அளவிடுங்கள். தரையிணைப்புக் கம்பியோடு ஒரு முறை, கம்பி இல்லாமல் ஒரு முறை, காய்ந்த மண்ணில் ஒரு முறை, ஈர மண்ணில் ஒரு முறை. இலையில் எவ்வளவு படிந்தது என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே, ஆளின் மேல் எவ்வளவு படிந்தது என்ற எண்ணையும் எழுதுங்கள். இரண்டாவது எண் பழைய பம்பின் எண்ணைவிடத் தெளிவாகக் குறையும்வரை அந்தக் கருவியை எந்தத் தோட்டத்துக்கும் அனுப்பாதீர்கள்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். மருந்தடித்த அனுபவம் உள்ளவர்கள் முதலில் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.